வார்டைத் தாங்குகிறவர்களுக்கு வாய் திறக்க உரிமை வேண்டாமா?

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் காலையில் இறங்குகிறவர்களைக் கவனித்தால் இரண்டு வகையினரைப் பார்க்கலாம். வேகமாக நடக்கிறவர்கள் ஏற்றுமதி வளாகத்தின் ஷிப்டுக்குப் போகிறவர்கள். நாலு அடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மெல்ல நடக்கிறவர்கள் நெஞ்சக நோய் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். நேற்று வேகமாக நடந்தவரே சில வருஷங்களில் மெல்ல நடக்கிறவராக மாறிவிடுவதையும் நாம் பார்த்திருக்கிறோம்.

நெஞ்சு நோய் பெரும்பாலும் ஏழையின் நோய். பஞ்சாலையில் பஞ்சுத் தூசி, கல் உடைக்கும் இடத்தில் கல் தூசி, எட்டுக்கு எட்டு அறையில் ஆறு பேர் படுக்கும் குடித்தனம், அரை வயிற்றுச் சாப்பாடு. இவ்வளவும் சேர்ந்துதான் ஒருவரைச் சானடோரியத்தின் வாசலில் கொண்டுவந்து நிறுத்துகின்றன. ஆகவே அந்த வார்டில் யார் வேலை செய்கிறார்கள், எந்த நிலைமையில் வேலை செய்கிறார்கள், அவர்களுடைய சொல்லுக்கு அங்கே என்ன மதிப்பு என்பதெல்லாம் நமக்குச் சம்பந்தமில்லாத விஷயங்கள் அல்ல.

இந்த வாரம் நாம் நர்சுகளைப் பற்றிப் பேச விரும்புகிறோம். அவர்களுடைய சம்பளத்தைப் பற்றி மட்டுமல்ல. அவர்களுடைய தலைமையைப் பற்றியும்.

"நர்சுக்கு என்ன தலைமை? டாக்டர் சொல்வதைச் செய்வதுதானே அவர்கள் வேலை?" என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்கக்கூடும். ஒரு காலத்தில் மில் முதலாளிகளும் இப்படித்தான் கேட்டார்கள்: "தறி ஓட்டுகிறவனுக்கு என்ன பேச்சு? மேஸ்திரி சொல்வதைச் செய்வதுதானே அவன் வேலை?" அந்தக் கேள்விக்குச் சென்னைத் தொழிலாளி 1918-ம் வருஷம் பெரம்பூரில் சங்கம் அமைத்துப் பதில் சொன்னான். வேலையைச் செய்கிறவனுக்குத்தான் வேலையின் நெளிவு சுளிவு தெரியும் என்பது அன்றைக்குத் தறியில் உண்மையாக இருந்தது. இன்றைக்கு வார்டிலும் அது உண்மைதான்.

மருந்து இல்லாத காலத்தில்

தாம்பரத்துச் சானடோரியத்தின் சரித்திரத்தையே எடுத்துக்கொள்வோம். 1928-ம் வருஷம் டாக்டர் சவரிமுத்து என்பவர் பச்சைமலை அடிவாரத்தில் இதைத் தொடங்கினார். சௌரி முத்து என்று இங்கிலாந்தில் பெயர் பெற்றவர் அவர். கணித மேதை ராமானுஜன் இங்கிலாந்தில் நோயுற்றபோது அவருக்குச் சிகிச்சையளித்தவர்களில் ஒருவர். 1937-ல் அரசாங்கம் சானடோரியத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. இன்று எழுநூறுக்கும் மேற்பட்ட படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரியாக அது வளர்ந்திருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 1928-ல் காசநோய்க்கு மருந்து கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதே 1943-ல்தான். அப்படியானால் முதல் பதினைந்து வருஷங்களுக்கும் மேலாகச் சானடோரியத்தில் நடந்த வைத்தியம் என்ன? நல்ல காற்று, ஓய்வு, சத்தான ஆகாரம், சுத்தம், கவனிப்பு. வேளைக்கு ஊட்டுவது, உடம்பைத் துடைப்பது, சளியைப் பத்திரமாக அப்புறப்படுத்துவது, காய்ச்சலைக் குறித்து வைப்பது, ரத்தம் கக்குகிறவனைத் தாங்கிப் பிடிப்பது. இதற்கெல்லாம் சேர்த்து ஒரே பெயர்தான் உண்டு: நர்ஸ் வேலை. அதாவது, அந்த நாளில் நர்சின் பராமரிப்புத்தான் மருந்து!

1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலும், மற்றொரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் மருந்து கொடுத்துச் சோதித்தார்கள். சரியாக மருந்து சாப்பிட்டால் குடிசையில் இருந்தாலும் குணமாகும், அதனால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்தில்லை என்று 1959-ல் உலகத்துக்கு அறிவித்தார்கள். காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றிய முடிவு இது. ஆனால் அந்தக் குடிசைகளுக்கு நடந்தே போய், நோயாளி மருந்தை விழுங்கினாரா, பாதியில் விட்டுவிட்டாரா என்று பார்த்தவர்கள் யார்? பொதுச் சுகாதார நர்சுகளும் சுகாதாரப் பார்வையாளர்களும்தான். விஞ்ஞானிகளின் பெயர்கள் புத்தகத்தில் இருக்கின்றன. நடந்தவர்களின் பெயர்களை யார் எழுதி வைத்தார்கள்?

1986-ல் எய்ட்ஸ் கிருமி இந்தியாவில் முதல்முதலாகக் கண்டறியப்பட்டது சென்னையில்தான். பல இடங்களில் அந்த நோயாளிகளைத் தொடவும் பயந்தார்கள். வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். 1993-ல் தாம்பரம் ஆஸ்பத்திரி அவர்களை உள்ளே சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது. அப்போது அங்கே தலைமை வகித்த டாக்டர் தெய்வநாயகம் எடுத்த துணிச்சலான நிலையை நாம் மதிக்கிறோம். சில வருஷங்களில் ஆந்திரத்திலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் தாம்பரத்தைத் தேடி வந்தார்கள். நாட்டிலேயே மிகப் பெரிய எய்ட்ஸ் சிகிச்சை நிலையங்களில் ஒன்றாக அது ஆயிற்று.

ஆனால் எய்ட்ஸ் கிருமியை அடக்கும் மருந்து அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது 2004-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில்தான். அதற்கு முந்திய பதினோரு வருஷங்கள்? மறுபடியும் அதே கதைதான். பெற்ற மகனைத் தகப்பன் தொட மறுத்த நாளில், அவனுடைய புண்ணைக் கழுவியவர் நர்ஸ். பெண்டாட்டி பிள்ளைகளுக்கே சொல்ல முடியாத விஷயத்தை அவன் சொல்லி அழுதது நர்சிடம். அவன் செத்தபோது கண்ணை மூடிவிட்டதும் பல வேளைகளில் அந்தக் கைதான்.

மருந்து வந்த பிறகு கிடைக்கும் வெற்றி எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. மருந்து வருகிற வரையில் உயிரைப் பிடித்து வைத்திருந்தவர் யார் என்பது யார் கண்ணிலும் படுவதில்லை. இது தாம்பரத்தின் பாடம்.

தலைமை என்றால் என்ன?

தலைமை என்றவுடனே நாற்காலி, மேஜை, மேடை, மாலை என்று நினைக்க வேண்டாம். நடவு வயலில் பாருங்கள். முன்னால் நிற்கிற அம்மாளுக்கு யாரும் பதவி கொடுக்கவில்லை. ஆனாலும் எங்கே ஆழம், எங்கே மேடு, யாருக்கு இடுப்பு வலி, எப்போது கரையேறி ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அவள் சொன்னால் மற்றவர்கள் கேட்கிறார்கள். பண்ணையார் கூலியில் கை வைத்தால் முதலில் நிமிர்கிறவளும் அவள்தான். இதுதான் தலைமை. நிலைமையைப் பார்க்கும் கண், முடிவு செய்யும் தைரியம், சொல்லும் வாய், தன்னுடன் இருக்கிறவர்களைக் கைவிடாத மனது.

வார்டில் இதற்கு என்ன அர்த்தம்? காசநோயால் நேரும் சாவைக் குறைக்க 2022-ம் வருஷம் தமிழ்நாட்டில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கப்பட்டது. இதில் பெரிய யந்திரம் எதுவுமில்லை. நோய் இருக்கிறதென்று தெரிந்தவுடனே நோயாளியை நிறுத்தி, எடையும் உயரமும் பார்க்கிறார்கள். காலில் வீக்கம் இருக்கிறதா, ஒரு நிமிஷத்தில் 24 தடவைக்கு மேல் மூச்சு வாங்குகிறதா, ரத்தத்தில் பிராணவாயு 94 சதவிகிதத்துக்குக் கீழே போய்விட்டதா, பிடிமானமில்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். அபாயக் குறி தெரிந்தால் உடனே படுக்கையில் சேர்க்கிறார்கள். சிகிச்சையின் ஆரம்ப வாரங்களில் நேர்ந்துவந்த சாவு இதனால் குறைந்திருக்கிறது.

இந்தப் பரிசோதனையைச் செய்வது பெரும்பாலும் டாக்டர் அல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சும் காசநோய் ஊழியருமே. "இவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது, இன்றைக்கே சேர்க்க வேண்டும்" என்று முதலில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அந்தச் சொல் வாயிலிருந்து வந்தால் ஒரு குடும்பம் பிழைக்கும். வராவிட்டால்? நர்சின் தலைமை என்பது இந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

சொல் ஏன் வருவதில்லை?

நமக்குத் தெரிந்த ஒரு மில் தொழிலாளியின் கதையைச் சொல்கிறோம். எந்த ஆஸ்பத்திரி என்பது முக்கியமல்ல. மூச்சுத் திணறலென்று சேர்த்திருந்தார்கள். நடுராத்திரியில் அவருடைய மூச்சு மாறியதை முதலில் கவனித்தவர் ஒரு இளம் நர்ஸ். வயது இருபத்தைந்து இருக்கும், ஒப்பந்த வேலை. டாக்டரை எழுப்பிக் கூப்பிட வேண்டும். போனைக் கையில் எடுத்தவர் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். போன வாரம் இப்படிக் கூப்பிட்டபோது, "இதற்கெல்லாமா எழுப்புவது?" என்று எல்லோர் முன்னிலையிலும் திட்டு வாங்கியிருந்தார். அன்று அவர் தயங்கியது பத்து நிமிஷம். பிறகு கூப்பிட்டார், டாக்டர் வந்தார், நம் தோழர் பிழைத்துக்கொண்டார். பிற்பாடு அந்தப் பெண் நம் தோழரின் மனைவியிடம் சொன்னாராம்: "அக்கா, எனக்கு அப்பவே தெரியும். சொல்லத்தான் பயமா இருந்தது."

தெரியும், ஆனால் சொல்லப் பயம். அந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றித்தான் நாம் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம். அந்தப் பத்து நிமிஷத்தில் இன்னொரு தொழிலாளி செத்திருப்பான். அந்தப் பயம் ஒரு பெண்ணின் சுபாவமல்ல. அதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது காரணம், நிரந்தரமில்லாத வேலை. 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் பரீட்சை வைத்து ஆயிரக்கணக்கான நர்சுகளைத் தேர்ந்தெடுத்தது. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருஷத்துக்குப் பிறகு காலமுறைச் சம்பளம் என்று பேச்சு. இரண்டு வருஷம் கடந்தது. பேச்சு பேச்சாகவே நின்றது. 2017-ம் வருஷம் நவம்பர் கடைசியில் தேனாம்பேட்டை மருத்துவ இயக்குநரக வளாகத்தில் ஆயிரக்கணக்கில் அவர்கள் உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்கள் உண்டு; கர்ப்பிணிகள் உண்டு. மூன்று நாளில் ஹைகோர்ட் உத்தரவு வந்து போராட்டம் நின்றது. ஆனால் அந்த மூன்று நாளில் நாடே ஒன்றைத் தெரிந்துகொண்டது: சர்க்கார் ஆஸ்பத்திரியில் உயிர் காக்கும் நர்சின் மாதச் சம்பளம் 7,700 ரூபாய்! பிற்பாடு ஊதியம் உயர்ந்தது என்றால் அது அந்த மூன்று நாளின் விளைவு.

2020-ல் கொரோனா வந்தது. அவசர அவசரமாக ஒப்பந்த நர்சுகளை நியமித்தார்கள். பெற்றவர்களைப் பார்க்காமல், பிள்ளைகளைத் தொடாமல் அவர்கள் வேலை செய்தார்கள். கை தட்டினோம், விளக்கேற்றினோம், பூத் தூவினோம். 2022-ம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதியோடு அவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஒப்பந்தம் முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் தெருவுக்கு வந்து போராடிய பிறகுதான் மாற்று ஏற்பாடு பற்றிய பேச்சே வந்தது. பூத் தூவிய கைகள் அப்போது எங்கே போயின?

நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாத ஒருவர் இன்றைக்கு டாக்டரிடம், "ஐயா, நீங்கள் எழுதிய மருந்தின் அளவு சரிதானா, ஒரு தடவை பாருங்கள்" என்று சொல்வாரா? ஸ்டோரிலிருந்து வந்த கையுறை கிழிந்திருக்கிறதென்று எழுதிக் கொடுப்பாரா? மில்லில் பதிலி ஆளாக வேலை செய்த தோழர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பதிலிக்காரன் வாய் திறந்தால் மறுநாள் கேட்டில் அவன் பெயர் இருக்காது.

இரண்டாவது காரணம், வேலைப் பளு. ஒரு தொழிலாளிக்கு எத்தனை தறி என்பதற்காக நாம் எத்தனை போராட்டம் நடத்தியிருக்கிறோம்! வார்டிலும் அந்தக் கணக்கு உண்டு. போதனா ஆஸ்பத்திரியின் பொது வார்டில் 3 படுக்கைக்கு ஒரு நர்ஸ் வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. மூன்று ஷிப்டுக்குப் பிரித்தால், ஒரு நேரத்தில் 9 நோயாளிக்கு ஒருவர். ராத்திரியில் எந்தச் சர்க்கார் வார்டுக்கு வேண்டுமானாலும் போய் எண்ணிப் பாருங்கள், கணக்குப் புரிந்துவிடும். கூடுதல் தறி ஓட்டுகிறவனுக்கு நூல் அறுந்தது தெரியாமல் போகும். கூடுதல் படுக்கை பார்க்கிறவருக்கு மூச்சு மாறியது தெரியாமல் போகும். நூலை முடிந்து கொள்ளலாம். போன உயிரை என்ன செய்வது?

மூன்றாவது காரணம், பழைய இழிவு. சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்குப் பயிற்சி தொடங்கி ஒன்றரை நூற்றாண்டு ஆகிவிட்டது, 1871-லேயே தொடங்கியது. ஆனாலும் மலமும் ரத்தமும் அள்ளுகிற வேலை, அன்னிய ஆணைத் தொடுகிற வேலை என்று மேல்சாதிக் குடும்பங்கள் நெடுங்காலம் இதை ஒதுக்கின. கிறிஸ்தவப் பெண்களும், விதவைகளும், ஏழை வீட்டுப் பெண்களும்தான் இந்த வேலையைத் தங்கள் தோளில் ஏற்றார்கள். 1946-ல் போர் கமிட்டி கணக்கெடுத்தபோது நாடு முழுவதும் இருந்த நர்சுகள் ஏறக்குறைய 7,000 பேர்; 43,000 ஜனங்களுக்கு ஒருவர்! எண்ணிக்கை பிற்பாடு பெருகியது. இழிவு அதே வேகத்தில் குறையவில்லை. டாக்டர் பேசுவார், நர்ஸ் கேட்பார் என்ற ஏற்பாடு, ஆண் பேசுவான், பெண் கேட்பாள் என்ற வீட்டு ஏற்பாட்டின் மறு பதிப்புத்தான்.

இது நம் நாட்டில் மட்டும் உள்ள நிலைமையல்ல. உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகத்தில் சுமார் 2 கோடியே 79 லட்சம் நர்சுகள் இருந்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பெண்கள். ஆனால் சுகாதாரத் துறையின் தலைமைப் பதவிகளில் பெண்களுக்கு இருப்பது ஏறக்குறைய கால் பங்கு மட்டுமே. அடியில் பாரம் தாங்குவது பெண்கள். உச்சியில் உத்தரவு போடுவது வேறு ஆட்கள்.

"நர்சுகள் நம்மைத் திட்டுகிறார்களே!"

இப்படிப் பேசினால் நம் வாசகர்களில் பலருக்கு ஒரு குறை உண்டு. அதை மறைப்பது நியாயமல்ல. "சர்க்கார் ஆஸ்பத்திரி நர்சுகள் எங்களை எரிந்து விழுகிறார்கள். பிரசவ வலியில் கத்தினால் திட்டுகிறார்கள். வேட்டி அழுக்காயிருந்தால் முகத்தைச் சுளிக்கிறார்கள். இவர்களுக்கா தலைமை?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

இந்தக் குறை உண்மையானது. ஏழையை அவமதிக்கும் எந்த நர்சையும் நாம் ஆதரிக்க மாட்டோம். வேலைப் பளு அதற்குக் காரணமாக இருக்கலாம், சமாதானமாக ஆகாது. வார்டைப் பெருக்கும் துப்புரவுத் தொழிலாளியை, அவரும் காண்ட்ராக்டில் கசங்குகிறவர் என்பதை மறந்து, அடிமைபோல நடத்துகிற நர்சுகளும் உண்டு. மேலே குனிந்து கீழே மிதிப்பது தலைமை அல்ல; அது மேஸ்திரித்தனம்.

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் படுக்கை போதாது, மருந்து தீர்ந்துவிட்டது, ஸ்கேன் எடுக்க நாள் ஆகும், லிப்ட் ஓடவில்லை. இதில் எதையும் நர்ஸ் முடிவு செய்வதில்லை. ஆனால் இவ்வளவையும் ஜனங்களிடம் சொல்ல வேண்டியவர் நர்ஸ். முடிவு செய்கிறவர்கள் கண்ணுக்குத் தெரியாத அறையில் இருக்கிறார்கள். வசவு வாங்குகிறவர் கண்ணெதிரே நிற்கிறார். சர்க்காரின் குறைக்கு நர்சின் முகம்! நமக்கும் அவருக்கும் நடுவே சண்டை மூட்டிவிட்டால், அந்த அறைக்குள் இருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். பொறுப்பு மட்டும் கொடுத்து அதிகாரம் கொடுக்காவிட்டால் எந்த மனிதரும் சிடுசிடுப்பார். "மருந்து வரவில்லை, இன்றைக்குள் வர வேண்டும்" என்று எழுதி வாங்கும் அதிகாரம் நர்சுக்கு இருக்கட்டும். நம்மிடம் எரிந்து விழ வேண்டிய அவசியம் பாதியாகக் குறையும்.

அதிகாரமும் ஆள் பலமும் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று நர்சுகளை முறை வைத்து நியமித்து, இரவும் பகலும் பிரசவம் பார்க்கும் ஏற்பாடு விரிவாக்கப்பட்டது. அதுவரை சாயங்காலத்தோடு பூட்டிக் கிடந்த கட்டடங்களில் நடுராத்திரியிலும் விளக்கு எரிந்தது. விவசாயத் தொழிலாளிப் பெண்கள் நம்பி வந்தார்கள். இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவங்களுக்கு மேல் வீட்டில் அல்ல, மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. இந்தச் சாதனையின் முதுகெலும்பு கிராம சுகாதார நர்சும், நிலையத்து நர்சும்தான்.

பயிற்சி வேண்டும், பயிற்சி மட்டும் போதாது

நர்சுகளின் தலைமைத் திறமையை வளர்க்கப் பயிற்சி நடத்த வேண்டும் என்று இப்போது அதிகாரிகளும் பேசுகிறார்கள். நல்லது. தாம்பரத்திலேயே 2003 முதல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பயிற்சி நிறுவனம் ஒன்று எய்ட்ஸ் சிகிச்சையில் டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் பயிற்சியளிப்பதில் ஈடுபட்டது. நோயாளியிடம் எப்படிப் பேசுவது, ஊசி குத்திவிட்டால் தன்னை எப்படிக் காத்துக்கொள்வது என்பவற்றையெல்லாம் கற்பது நர்சுக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

ஆனால் பயிற்சியைப் பற்றி நமக்குத் தெளிவான அபிப்பிராயம் இருக்க வேண்டும். குளிர் அறையில் இரண்டு நாள் பேச்சுக் கேட்டு, சான்றிதழ் வாங்கி, படம் எடுத்துக்கொண்டு வந்தவர், மூன்றாவது நாள் அதே வார்டில், அதே பயத்தோடு, நாற்பது பேருக்கு ஒருவராக நின்றால் என்ன பிரயோஜனம்? நீச்சலைக் கரையில் கற்றுக் கொடுத்துவிட்டுக் கை கால்களைக் கட்டித் தண்ணீரில் தள்ளியது போலத்தான். மேலும் வெளிப் பணத்தில் நடக்கும் பயிற்சி, பணம் நின்றால் நின்றுவிடக் கூடியது. தலைமையை வளர்ப்பது அரசாங்கத்தின் சொந்தப் பொறுப்பாக இருக்க வேண்டும்.

இது புதிய யோசனையுமல்ல. 1954-ல் ஷெட்டி கமிட்டி நர்சுகளின் வேலை நிலைமையை ஆராய்ந்தது. 1987-ல் மத்திய அரசாங்கம் அமைத்த நர்சிங் உயர்மட்டக் கமிட்டிக்குத் தலைமை வகித்தவர் நம் சென்னையைச் சேர்ந்த சரோஜினி வரதப்பன். 1989-ல் அறிக்கை கொடுத்தார்கள். அறிக்கைகளுக்குப் பஞ்சமில்லை. அலமாரிகளுக்கும் பஞ்சமில்லை!

நாம் கேட்பது என்ன?

ஒன்று: நிரந்தரமான வேலைக்கு நிரந்தரமான ஆள். நோய் வருஷம் முழுவதும் இருக்கிறது. நர்ஸ் மட்டும் ஏன் ஒப்பந்தத்தில்? தேர்வெழுதி வந்த ஒப்பந்த நர்சுகள் அனைவரையும் காலமுறைச் சம்பளத்தில் கொண்டுவர வேண்டும்.

இரண்டு: கவுன்சில் வகுத்த அளவுப்படி ஆள் நியமிக்க வேண்டும். ஒவ்வொரு வார்டு வாசலிலும் இத்தனை படுக்கை, இந்த ஷிப்டில் இத்தனை நர்ஸ் என்று தமிழில் எழுதி வைக்க வேண்டும். மறைக்க ஒன்றுமில்லை என்றால் எழுதுவதில் என்ன கஷ்டம்?

மூன்று: நோயாளியின் நிலைமை மோசமாகிறது என்று நர்ஸ் கண்டால், எந்த நேரத்திலும் டாக்டரை அழைக்கவும், வராவிட்டால் அடுத்த மேலதிகாரியை அழைக்கவும் எழுத்து மூலமான உரிமை வேண்டும். அப்படி அழைத்ததற்காகத் திட்டுவதும் இடமாற்றம் செய்வதும் குற்றமாகக் கருதப்பட வேண்டும்.

நான்கு: மருந்து, படுக்கை, சுத்தம், பாதுகாப்புச் சாதனம் பற்றி முடிவு செய்யும் ஒவ்வொரு ஆஸ்பத்திரிக் கமிட்டியிலும் நர்சுகள் தேர்ந்தெடுக்கும் நர்ஸ் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். துப்புரவுத் தொழிலாளியின் பிரதிநிதியும் இருக்க வேண்டும்.

ஐந்து: பயிற்சி வேலை நேரத்தில், முழுச் சம்பளத்தோடு, தமிழில், முடிந்தவரை வார்டிலேயே நடக்க வேண்டும். இருபது வருஷம் வார்டு பார்த்த மூத்த நர்ஸ்தான் அங்கே ஆசிரியராக இருக்க வேண்டும். அதே நிலையில் ஓய்வு பெறுகிற கொடுமை ஒழிய, பதவி உயர்வுக்கு ஒழுங்கான படிகள் வேண்டும். நர்சுகளுக்குத் தனி இயக்குநரகம், நர்சே அதன் தலைவர் என்பது அவர்களுடைய சங்கங்களின் நீண்டகாலக் கோரிக்கை, அது நியாயமானது.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பார்கள். காசநோய் வந்து ஒரு விவசாயத் தொழிலாளி ஆறு மாதம் படுத்தால் அவன் குடும்பம் வாங்கும் கடனுக்கு யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்? பத்து நிமிஷத் தயக்கத்தால் விதவையானவள் வயலில் எத்தனை வருஷம் தனியாகக் குனிய வேண்டும்? அந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் நர்ஸ் நியமனம் செலவல்ல, மிச்சம் என்பது விளங்கும்.

நம்முடைய கடமை

கேரளத்தில் பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரி நர்ஸ் லினி, 2018-ம் வருஷம் மே 21-ந் தேதி நிபா நோயால் இறந்தார். என்ன நோயென்றே தெரியாத நாளில் நோயாளியைப் பக்கத்திலிருந்து கவனித்தவர். சின்னஞ்சிறு குழந்தைகள் இரண்டு பேரின் தாய். நிரந்தர வேலை இல்லாதவர். நாடு அவரைப் புகழ்ந்தது. ஆனால் நர்சுகள் செத்த பிறகு கிடைக்கும் புகழை நாம் கேட்கவில்லை. உயிரோடிருக்கும்போது சொல்லுக்கு மதிப்பைக் கேட்கிறோம்.

அதில் நமக்கும் பங்கு உண்டு. நர்சைக் கேலி பேசும் சினிமாவுக்குச் சிரிப்பதை நாம் நிறுத்த வேண்டும். பெண் பார்க்கும்போது "நர்ஸ் வேலையா? ராத்திரி டூட்டியா?" என்று முகம் சுளிப்பதை நம் குடும்பங்கள் நிறுத்த வேண்டும். ஆத்திரத்தில் நர்சின் மேல் கை நீட்டுகிறவனை நம்மில் ஒருவன் தடுக்க வேண்டும். நர்சுகள் தெருவில் உட்கார்ந்தால், "நோயாளிகள் கஷ்டப்படுகிறார்களே" என்று நம் பெயரைச் சொல்லி அவர்களை நசுக்க விடக் கூடாது. "நாங்கள்தான் அந்த நோயாளிகள்; நாங்கள் அவர்கள் பக்கம்" என்று நம் சங்கக் கொடியோடு போய் நிற்க வேண்டும்.

நர்சுகளுக்கும் ஒரு வார்த்தை. சகோதரிகளே! சகோதரர்களே! தலைமை மேலேயிருந்து கொடுக்கப்படுவதில்லை. நிரந்தர நர்ஸ் ஒப்பந்த நர்சின் கையைப் பிடிக்கும்போதும், நர்ஸ் துப்புரவுத் தொழிலாளியின் கோரிக்கையைத் தன் மனுவில் சேர்க்கும்போதும், அழுக்கு வேட்டியோடு வருகிற கிழவரைப் பார்த்து "வாங்க ஐயா, உட்காருங்க" என்று சொல்லும்போதும் அது வளர்கிறது. ஜனங்களின் நம்பிக்கையைப் பெற்றவர்களை எந்த ஒப்பந்தமும் எளிதில் வெளியே தள்ள முடியாது.

நாளைக் காலையிலும் சானடோரியம் நிலையத்தில் ரயில் நிற்கும். மூச்சு வாங்கிக்கொண்டு ஒருவர் இறங்குவார். அவர் நம்மவர். அவருடைய மூச்சு எப்போது மாறுகிறது என்று ராத்திரி விழித்திருந்து பார்க்கப் போகிறவரும் நம்மவர். ஒருவர் உயிர் மற்றவர் வாயில் இருக்கிறது. அந்த வாயைக் கட்டி வைக்க நாம் இனியும் சம்மதிக்கலாமா?